கார்டு ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

துபாயின் அல் குசைஸில் பழைய கிராபிக்ஸ் கார்டுக்குப் பஞ்சமே இல்லை. டுபிஸில் தளத்திலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசிலோ மாடல் பெயரைத் தட்டினால் அல் நஹ்தா, முஹைஸ்னா, எல்லை தாண்டினால் ஷார்ஜா என்று கூப்பிடு தூரத்தில் விற்பவர்கள் வரிசையாக வருவார்கள். வேலையை விட்டு ஊருக்குத் திரும்புகிறவர், புது மாடலுக்குத் தாவுகிறவர், கேமிங் கடையை மூடுகிறவர் எல்லாரும் அதில் உண்டு. பழுதான கார்டை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பவரும் அதே வரிசையில்தான் நிற்பார். விலை பேசி முடிந்ததும் வழக்கமாக வரும் அடுத்த செய்தி: “ஏழு மணிக்கு மெட்ரோ ஸ்டேஷன் கிட்ட வந்துடுங்க பிரதர்.”

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பணத்தோடு போகிறவர் பொது இடத்தில் சந்திப்பது பாதுகாப்பானது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் பிளக் பாயின்ட் இல்லை, மானிட்டர் இல்லை, கார்டைச் செருக ஒரு கணினி இல்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டின் பெரிய கோளாறுகள் வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. மின்சாரம் பாய்ந்து, சிப்பும் மெமரியும் சூடேறி, பத்து இருபது நிமிடம் ஆன பிறகுதான் அவை வெளியே வரும். கார்டு அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு திர்ஹம்கூட கொடுக்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது. மற்றதெல்லாம் அந்த அரை மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றித்தான்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது? விற்பவர் வீட்டில், அவருடைய கணினியிலேயே பார்ப்பதுதான் முதல் வழி. கார்டு இன்னும் கழற்றப்படாமல் இருந்தால் இன்னும் நல்லது. தனியாகப் போகாமல் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட் ஸ்பேஸில் இருக்கிறவர்கள், அறைக்கு வெளியாளை அழைக்க முடியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இரண்டாவது வழி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. குசைஸ், நஹ்தா பக்கத்தில் இப்படிப்பட்ட சின்னக் கடைகள் உண்டு. பர் துபாயில் காலித் பின் அல் வலீத் சாலையை ஒட்டிய கம்ப்யூட்டர் கடைகளும் இருக்கின்றன. முன்கூட்டியே பேசி, சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு தொகையைச் சொல்லி வைத்துவிட்டு, இருவரும் அங்கேயே சந்திக்கலாம். அந்தச் செலவை வாங்குகிறவரே ஏற்பது நியாயம். நேர்மையாக விற்கிறவர் இதற்கு மறுப்பதில்லை. “சீல் பிரிக்க முடியாது”, “டைம் இல்லை”, “இன்னொருத்தர் வெளியே காத்துட்டு இருக்கார்” என்ற பேச்சு வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். குசைஸில் இன்றில்லாவிட்டால் அடுத்த வாரம் அதே மாடல் இன்னொருவரிடம் கிடைக்கும்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, வாங்கிய பில். அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத வாட் வரி இருக்கிறது. வரி பதிவு செய்த கடை தருகிற டாக்ஸ் இன்வாய்ஸில் டிஆர்என் என்ற 15 இலக்க எண் அச்சாகியிருக்கும். அந்தப் பில்லில் கார்டின் சீரியல் நம்பரும் இருந்து, கார்டின் மேல் ஒட்டியிருக்கும் நம்பரோடு ஒத்துப்போனால் பாதிக் கவலை தீர்ந்தது. வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்பதைக் கடைக்கோ தயாரிப்பு நிறுவனத்துக்கோ அந்த நம்பரைக் கொடுத்துக் கேட்டுவிடலாம். இரண்டாவது, கார்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வீடியோ, அன்றைய தேதி தெரிகிற மாதிரி. விளம்பரத்தில் போட்ட படம் யாருடைய படமாகவும் இருக்கலாம். பில்லே இல்லை என்பவர் எல்லாரும் திருடர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகக் கணினியிலிருந்து கழன்று வந்த பொருளும் இதே சந்தைக்குத்தான் வருகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது இங்கே குற்றம். பில் இல்லாத விலையுயர்ந்த கார்டு என்றால் எனக்கு விருப்பமில்லை.

கார்டு கைக்கு வந்ததும் முதலில் வெளிப்பார்வை. இங்கே வளைகுடாவுக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. மணல்தூசி ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே புகுந்து, கடற்கரைக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து படிந்துவிடும். மேலே ஊதினால் போகிற தூசி பிரச்சினையில்லை. தகடுகளின் நடுவே கெட்டியாக அப்பிக்கொண்டிருப்பதுதான் கவலை. டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்க உலோகப் பட்டை, திருகுகள், எச்டிஎம்ஐ வாய் ஆகியவற்றில் துரு இருக்கிறதா, செம்புப் பகுதிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி மழையை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இந்த நாடு கண்டிராத மழை அது. அல் ஐன் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஷார்ஜாவில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. தரைத்தள வீடுகளிலும் கடைகளிலும் நனைந்த கணினிகள் காய வைக்கப்பட்டு மறுபடி ஓடவும் செய்யும். ஆனால் உள்ளே தொடங்கிய அரிப்பு நிற்காது. போர்டில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தாலும், சேற்று நிறத்தில் கோடு தெரிந்தாலும் அந்தக் கார்டு வேண்டாம்.

அடுத்து திருகுகள். தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்ததே குற்றமில்லை, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது நல்ல பராமரிப்புதான், விற்பவர் அதைத் தானாகச் சொன்னால் சந்தோஷம். சிப்பைச் சுற்றி மஞ்சளாகப் பிசின் காய்ந்திருந்தால், கருகிய வாசனை வந்தால், சூடேற்றி ரிப்பேர் செய்த கார்டாக இருக்கலாம். அப்படிச் சரி செய்தது பல சமயம் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. கனமான கார்டுகளில் இன்னோர் இடமும் முக்கியம்: மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் தங்க நிறப் பற்களின் ஓரம், கொக்கி மாட்டும் இடத்துக்குப் பக்கம். தாங்குகட்டை இல்லாமல் தொங்கிய கார்டு, அல்லது கணினிக்குள்ளேயே வைத்து அனுப்பிய கார்டு அங்கேதான் விரிசல் விடும். முடி அளவு கோடு போதும், உள்ளே ஓடும் செம்புத் தடங்கள் அறுந்துவிடும்.

இப்போது செருகி ஆன் செய்துவிட்டோம். முதல் கேள்வி, இது அவர் சொல்கிற கார்டுதானா? இதில்தான் புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் காட்டும் பெயரை நம்பக் கூடாது. கார்டின் பயாஸை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதினால் பழைய கார்டு புதுப் பெயரில் தோன்றும். 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்புகளுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் எழுதி உலகமெங்கும் விற்றார்கள். அசல் 1050 டிஐ-யில் 768 ஷேடர்கள், அதாவது கணக்கிடும் சிறு அலகுகள். அந்தப் போலியில் 192.

இதைக் கண்டுபிடிக்க ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். டெக்பவர்அப் தளத்திலிருந்து நீங்களே பதிவிறக்கி ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். நிறுவத் தேவையில்லை, அப்படியே ஓடும். விற்பவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம், அவர் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிரதியும் வேண்டாம். 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து, போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது தானே கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று எழுதிக் காட்டும். அது காட்டாவிட்டாலும் நீங்கள் ஒப்பிட வேண்டிய எண்கள் மூன்று: ஷேடர்களின் எண்ணிக்கை, மெமரியின் அளவும் வகையும், மெமரி பஸ்ஸின் அகலம். அதிலேயே இருக்கும் ‘லுக்கப்’ பொத்தானை அழுத்தினால் அந்த மாடலின் சரியான விவரப் பக்கம் திறக்கும். பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள்.

அப்பட்டமான போலியைவிட அரைகுறை உண்மைதான் ஆபத்து. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 ஷேடர்கள். சீனச் சந்தைக்கென்று 2018-இல் வந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்பதில் பெயர் சொல்வதுபோல் 2048 மட்டுமே, ஆனால் விளம்பரத்தில் வெறும் ‘580’ என்றுதான் போடுவார்கள். ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி கார்டுக்கு 1280, 3 ஜிபி கார்டுக்கு 1152. மெமரி மட்டும்தான் வேறு என்று நினைத்து வாங்குகிறவர்கள் சிப்பின் திறனும் குறைவு என்பதைக் கவனிப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபியும் உண்டு, பின்னால் வந்த 8 ஜிபியும் உண்டு. இரண்டாவதன் மெமரி பஸ் 192 பிட்டிலிருந்து 128-ஆகக் குறைந்தது. லேப்டாப் சிப்பைக் கழற்றி டெஸ்க்டாப் போர்டில் பொருத்திய கார்டுகளும் வருகின்றன. கிரிப்டோ நாணய மைனிங்குக்கென்றே செய்த பி106-100 போன்றவற்றில் மானிட்டர் இணைக்க வாயே இல்லை, விளம்பரப் படத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்ட மாட்டார்கள். இன்னோர் எளிய அடையாளம்: பாஸ்கல் தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து, என்விடியா சிப்புகளில் பழைய நீல நிற விஜிஏ வெளியீடு கிடையாது. 1050 டிஐ என்று எழுதிய கார்டில் விஜிஏ வாய் இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

புத்தம் புதிய தலைமுறைக்கும் இந்தச் சோதனை தேவை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் சில கார்டுகள் தொழிற்சாலையிலிருந்தே குறைபாட்டோடு வந்ததை 2025 பிப்ரவரியில் என்விடியாவே ஒப்புக்கொண்டது. ஆர்ஓபி எனப்படும் பகுதிகள் சில வேலை செய்யவில்லை. 5090-இல் 176 இருக்க வேண்டிய இடத்தில் 168, 5070 டிஐ-யில் 96-க்குப் பதில் 88. மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு என்றது நிறுவனம், மாற்றியும் கொடுத்தது. மாற்றாமல் கைமாற்றிவிடப் பார்ப்பவர் கையில் அப்படி ஒரு கார்டு இருந்தால், ஜிபியு-இசட்டின் முதல் பக்கத்திலேயே அந்த எண் தெரிந்துவிடும். ஆர்டிஎக்ஸ் 4090 தேடுகிறவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை. 2023 அக்டோபரில் அமெரிக்கா சீனாவுக்கான ஏற்றுமதித் தடையைக் கடுமையாக்கிய பிறகு, அந்தச் சிப்பைக் கழற்றி வேறு போர்டில் பொருத்தும் தொழில் சீனாவில் பெருகியது. மிஞ்சிய போர்டும் கூலரும் மறுபடி பெட்டிக்குள் போய், சிப்பே இல்லாத 4090-ஆக விற்கப்பட்ட சம்பவங்கள் உண்டு. எடை சரியாக இருக்கும், விசிறி இருக்கும், பெட்டி இருக்கும். ஸ்டேஷன் வாசலில் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அடையாளம் சரியென்றால் அரை மணி நேரச் சுமை. ஃபர்மார்க் பத்து நிமிடம், அதன் பிறகு சூப்பர்பொசிஷன் போன்ற பெஞ்ச்மார்க் அல்லது ஒரு கனமான கேம். பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வெப்பநிலைகளைப் பாருங்கள். நேரம் இருந்தால் ஓசிசிடியின் வீடியோ மெமரி சோதனையையும் ஓட்டுங்கள். அது பிழைகளை எண்ணிக் காட்டும், அங்கே பூஜ்யத்தைத் தவிர வேறெதுவும் ஏற்கத் தக்கதல்ல. திரையில் வண்ணப் புள்ளிகள், கட்டங்கள், நெடுங்கோடுகள் வந்தால் மெமரியோ சிப்போ போய்க்கொண்டிருக்கிறது. “டிரைவர் போட்டா சரியாயிடும்” என்பார்கள். அப்படியானால் டிரைவர் போட்டு, சரியான பிறகு விற்கட்டும்.

வெப்பநிலையைப் படிக்கும்போது அறையின் குளிரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே பலரும் தவறவிடுவது இதைத்தான். ஏசி 21-இல் ஓடும் அறையில் கார்டு 74 டிகிரி காட்டினால் நன்றாகத்தான் தெரியும். அதே கார்டை ஊரில், மே மாத மதுரையில், 36 டிகிரி அறையில் உங்கள் தம்பி ஓட்டினால் ஏறக்குறைய அந்தப் பதினைந்து டிகிரி மேலே ஏறும். ஆகவே அறையைவிட எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். சிப்பின் சராசரிக்கும் ‘ஹாட் ஸ்பாட்’ என்று காட்டும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். பத்துப் பதினைந்து டிகிரி இயல்பு. முப்பதைத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் இந்த ஹாட் ஸ்பாட் அளவே வெளியே காட்டப்படுவதில்லை என்பதால் அங்கே இந்த வழி செல்லாது.

மெமரி வெப்பம்தான் 3080, 3090 போன்றவற்றின் பலவீனம். அவற்றில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி இயல்பிலேயே கொதிக்கும். 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 3090-இல் 24 மெமரி சிப்புகளில் பாதி போர்டின் பின்பக்கம், விசிறிக் காற்று நேரடியாகப் படாத இடத்தில் இருக்கின்றன. அதனால் அந்தக் கார்டுக்கு மட்டும் அரை மணி நேரத்தையும் குறைக்கவே குறைக்காதீர்கள்.

மைனிங் கார்டு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும், அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகச் சந்தையில் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அவற்றில் பல இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ‘மைனிங் செய்தது’ என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. விவரம் தெரிந்தவர்கள் சிப்பின் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். சூடாவதும் குளிர்வதுமாக மாறி மாறி நடப்பதைவிட ஒரே சீரான வெப்பம் சிப்புக்குக் கேடு குறைவு. அடி வாங்கியது மெமரி, தெர்மல் பேட், விசிறி. போர்டின் ஓரங்களில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் அது பேடிலிருந்து வந்த சிலிக்கோன். விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். சுமையில் வரும் மெல்லிய ரீங்காரம் வேறு, அது காயில் சத்தம், கோளாறல்ல. பழைய ஏஎம்டி கார்டுகளில் மைனிங்குக்காகப் பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள், அதனால் கேமில் திடீர் திடீரென்று நின்றுபோகும். சின்ன சுவிட்சோடு இரட்டைப் பயாஸ் உள்ள கார்டு என்றால் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

முடிக்கும் முன் எல்லா வாயிலும் கேபிளை மாற்றிச் செருகிப் பாருங்கள். ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியின் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி, கார்டு முழு அகலத்தில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 3060-க்கு அது 16 ஆக இருக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவற்றுக்கு 8 என்பதே சரி. பிறகு கணினியை அணைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். சூடாக இருக்கும்போது ஓடி, ஆறியதும் எழுந்திருக்க மறுக்கும் கார்டுகள் உண்டு. 4090-இல் பவர் கேபிள் செருகும் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் அந்தக் கார்டு வந்த மாதத்திலேயே இணைப்பு உருகிய புகார்கள் கிளம்பின. பிளாஸ்டிக் பழுப்பேறியோ வீங்கியோ இருந்தால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் கார்டும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். 3060-க்கு 170 வாட், 3080-க்கு 320, 4090-க்கு 450. மலிவான பவர் சப்ளையில் 3080-ஐப் போட்டுவிட்டு கார்டைக் குறை சொல்வதில் பயனில்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசையை இனி வாங்குவதானால் மிகக் குறைந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள். அவற்றுக்கான வழக்கமான கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஊருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், இங்கே வாங்கியதன் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீரியல் நம்பரைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்க வரம்பையும் பயணத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பணம் அங்கேயே, அப்போதே. முன்பணம் கேட்பவருக்கும், டெலிவரிக்கென்று இணைப்பு அனுப்பி வங்கி அட்டை எண்ணும் ஓடிபியும் கேட்பவருக்கும் பதிலே அனுப்ப வேண்டாம். மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி, விற்பவரை “சரி” என்று பதில் போடச் சொல்லுங்கள். விளம்பரத்தை அவர் நீக்குவதற்கு முன் அதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையம் வழியாகப் பணத்தை இழந்திருந்தால் துபாய் காவல்துறையின் இ-கிரைம் தளத்தில் புகார் பதியலாம், அவசரமில்லாத உதவிக்கு 901. விற்றவர் ஷார்ஜாக்காரராக இருந்தால் அங்கே தனிக் காவல்துறை; சந்திப்பு எந்த எமிரேட்டில் நடந்தது என்பதையும் அந்த வாட்ஸ்அப் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.